அறுபதுக்குக் கீழே

பதினொரு பேர் கடலில் செத்ததற்காக எங்கள் ஊர் அழுதது. அழுததற்காக என் மனைவியின் மருந்தைக் கப்பலோடு துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இதைக் கேட்பவர்கள் நான் நடுவில் எதையோ விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். விட்டது ஒன்றுமில்லை. நடந்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் சட்டம்.

எங்கள் நாட்டில் சண்டை ஓய்ந்து ஆறு வருடம். ஓய வைத்தது எங்களுக்கு உதவி தரும் கொடைநாடு. அவர்களுடைய பாராளுமன்றம் அமைதி ஆதரவுச் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. அமைதியாக இருக்கும் மாவட்டத்துக்கு மருந்தும் எரிபொருளும் பால்மாவும் வரும். அமைதி குலைந்தால் தடை. எந்த மாவட்டம் அமைதி என்று தீர்மானிப்பது மனிதர் இல்லை. வானத்திலிருந்து பார்க்கும் கண்களும் எங்கள் கைபேசிகளில் பதியும் நடமாட்டமும் சத்தமும் சேர்ந்து தினமும் ஓர் எண் போடும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் கப்பல் தானாக நிற்கும். மறுபடி ஏறி ஏழு நாள் விடாமல் அறுபதுக்கு மேல் நின்றால் கப்பல் தானாகப் புறப்படும்.

நான் வடகரை மாவட்டத்தின் எண் அலுவலர். பெயர் கிறகரி. ஊரில் எல்லோருக்கும் 'எண்காரர்'. எத்தனை கடை திறந்தது, பள்ளிக்கூடம் நடந்ததா, சந்தையில் ஆள் வந்ததா என்று காலையில் ஓர் அறிக்கை அனுப்புவது என் வேலை. ஆறு வருடத்தில் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தவறவிட்டது அந்த மூன்று நாள் மட்டும்.

மாதத்தின் முதல் திகதி, பதினொரு பேரோடு மீன்பிடிக்கப் போன பெரிய வள்ளத்தின் உடைந்த பலகை எங்கள் சிப்பித்துறைக் கரையில் ஒதுங்கியது. பதினொரு பேரில் ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத சாவென்றால் எங்கள் கரையில் முப்பத்தொரு நாள் ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்காது. கடை திறக்காது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சனமெல்லாம் கரையில் கூடிக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான், யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நானும் என் அலுவலகத்தை, எண் கந்தோரை, பூட்டினேன். இதை ஒளிக்கப் போவதில்லை. பூட்டலாமா என்று ஒரு நிமிடம் தயங்கியதும் உண்மை. என் மனைவி றெஜினாதான் சொன்னாள்.

"ஊரே செத்தவீடாக் கிடக்கு. நீங்கள் மட்டும் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தா சனம் காறித் துப்பும். பூட்டிப்போட்டு வாங்கோ."

செத்தவர்களில் ஒருவன் மீனவர் சங்கத் தலைவர் மடுத்தீன் அண்ணையின் ஒரே மகன். அவன் மனைவி கொறற்றி றெஜினாவுக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி. வேறு எப்படிச் சொல்லுவாள்? கடை பூட்டி வள்ளம் இறங்காமல் கிடந்ததில் எண் அறுபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. மூன்று நாள் அறிக்கை போகாததற்கு இரண்டு புள்ளி வெட்டு விழுந்தது. நாலாம் திகதி காலையில் திறந்து பார்க்கிறேன், ஐம்பத்தொன்பது. துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பலில் டயாலிசிஸ் செய்வதற்கான திரவம் இருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்து உயிரோடு இருந்தவர்கள் பதினேழு பேர். றெஜினா அதில் ஒருத்தி.

அன்றைக்கே மடுத்தீன் அண்ணை என்னைக் கரையில் மறித்தார். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"தம்பி, நாங்கள் ஆரையும் அடிச்சமோ? ஒரு கல் எறிஞ்சமோ? பிறகென்ன கோதாரிக்கு உந்த எண் இறங்கினது?"

"அண்ணை, அந்த மெசினுக்கு நாற்பது நாட்டுச் சண்டையைக் காட்டிப் பழக்கியிருக்கினம். சண்டை துவங்க முதல் என்ன நடக்கும்? கடை பூட்டும். ஆம்பிளையள் வேலைக்குப் போகாயினம். சனம் ஓரிடத்தில வந்து கூடும். மேலயிருந்து பாக்க எங்கட ஊரும் அப்பிடித்தான் தெரியுது."

"செத்தவீடெண்டு அதுக்குத் தெரியாதோ?"

"தெரியாது அண்ணை. பதினொரு பேர் செத்தா ஒரு கரையே மாசக்கணக்கா முடங்கும் எண்டு அதுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை."

அவர் தாடையைத் தடவினார். பிறகு, "முழுப் பிழையெண்டும் சொல்லேலாது. முந்தின சண்டையும் ஒரு செத்தவீட்டிலதானே துவங்கினது," என்றார். சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று தடவை செய்த சுத்திகரிப்பை ஒரு தடவையாக்கினார்கள். ஒன்பதாம் திகதி ஒரு பள்ளிக்கூட அதிபர் செத்தார். பத்தாம் திகதி சந்தையில் மரக்கறி விற்ற ஒரு மனுசி. இரண்டு சாவுக்கும் சனம் திரண்டு போனது, வழியெல்லாம் கடை பூட்டியது. எண் ஐம்பத்தேழுக்கு இறங்கியது. அப்போதுதான் எனக்குச் சங்கதி முழுதாக விளங்கியது. மருந்து நின்றால் ஆள் சாகும். ஆள் செத்தால் ஊர் அழும். ஊர் அழுதால் எண் இறங்கும். எண் இறங்கினால் மருந்து வராது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் என்னை வயிறெரிய வைத்தது. கெட்டவர்களாக இருந்தால் ஆசைதீரத் திட்டவாவது செய்யலாம்.

எழுதியவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயர் மிதுலா. தாயும் தகப்பனும் எங்கள் கரையிலிருந்து சண்டைக்குத் தப்பிப் போனவர்கள். அவள் கொடைநாட்டில் பிறந்து, சட்டம் படித்து, அங்கே பாராளுமன்றக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தாள். மாதம் ஒருமுறை வேலை விஷயமாகக் கூப்பிடுவாள். பேசி முடிந்ததும் போனை றெஜினாவிடம் கொடுக்கச் சொல்லி, அவளோடு அரை மணி நேரம் தமிழ் பழகுவாள். பத்தாம் திகதி நானே கூப்பிட்டேன்.

"ஆரையாவது பிடிச்சு ஒரு விலக்கு வாங்கித் தாங்கோ பிள்ளை. மருந்துக்கு மட்டும்."

"ஏலாது கிறகரி அண்ணா. முந்தின சட்டத்தில அமைச்சர் விலக்குக் குடுக்கலாம் எண்டு இருந்தது. பத்து வருசத்தில நூற்றுப் பதினாலு விலக்கு. அதில ஒண்டு கூட நோயாளிக்குப் போகேல்லை. எல்லாம் ஆயுதம் விக்கிறவைக்கு வேண்டின ஆக்களுக்கு. அதாலதான் ஆரும் கை வைக்கேலாத மாதிரி எழுதினது. அந்தப் பிரிவை எழுதினதே நான்தான்."

"வடிவா எழுதியிருக்கிறியள். இப்ப றெஜியைக் காப்பாத்தவும் ஆரும் கை வைக்கேலாது."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சொன்னதற்கு வெட்கப்பட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

"மருந்தைத் தடையில இருந்து விலக்கச் சொல்லி ஒரு திருத்தம் குடுத்திருக்கிறன்," என்றாள். "இருபத்திமூண்டாம் திகதி குழு கூடுது. நீங்கள் சாட்சி சொல்லுங்கோ. நடந்ததை நடந்தபடி சொன்னா நிறைவேறும். நிறைவேறி நடைமுறைக்கு வர நாலு மாசம்."

"டொக்டர் றெஜிக்கு ரெண்டு கிழமை சொல்லியிருக்கிறார்."

"அதுக்குள்ள எண் ஏறினாத்தான்."

"என்னெண்டு ஏறும்?"

"கடை திறந்து, வள்ளம் இறங்கினா ஏறும். திருவிழா, கலியாணம் எண்டா இன்னும் கெதியா ஏறும்." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "அண்ணா, வேணுமெண்டு நடிச்சு எண்ணை ஏமாத்தினா ஒன்பதாம் பிரிவு இருக்கு. ஒரு வருசம் முழுத்தடை. நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

ஆஸ்பத்திரிக்குப் போய் றெஜினாவிடம் சொன்னேன். அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, மிஞ்சி விரலில் புதைந்திருந்தது. நான் எதைக் கேட்கப் போகிறேன் என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

"கேக்காதேங்கோ. எனக்காண்டி கொறற்றியை அழாத எண்டு சொல்லப் போறியளோ? பிறகு அவளின்ர முகத்தில எப்பிடி நான் முழிப்பன்?"

"நீர் முழிச்சாத்தானே அதைப் பற்றி யோசிக்க? கந்தோரைப் பூட்டாம இருந்திருந்தா..."

"பூட்டச் சொன்னது நான். நீங்கள் பொம்பிளை சொல் கேட்டு நடந்தது இருபத்தாறு வருசத்தில அது ஒண்டுதான். அதையும் பிழையெண்டு சொல்லாதேங்கோ," என்று சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

அவள் சொல்லை மீறித்தான் பன்னிரண்டாம் திகதி பின்னேரம் சங்கக் கட்டிடத்துக்குப் போனேன். நாற்பது, ஐம்பது பேர் நிலத்தில் இருந்தார்கள். கடலுக்கு இறங்குங்கள், கடையைத் திறவுங்கள், கோயில் பெருநாளை முன்னுக்கு எடுத்து இப்போதே வையுங்கள் என்று கேட்டேன். மானம் வெட்கம் எல்லாவற்றையும் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன்.

மடுத்தீன் அண்ணை எழும்பினார். "என்ர பிள்ளை தண்ணிக்குள்ள கிடக்கிறான். பன்ரெண்டு நாள் கூட ஆகேல்லை. உம்மட மனிசிக்காக நான் அவனுக்கு மேலால வள்ளம் ஓட்டவேணுமோ?"

"ஓம் அண்ணை," என்றேன். பதினைந்து நோயாளிகள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் நான் நினைத்தது றெஜினாவை மட்டும்தான், பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அந்த நேரத்தில்தான் கொறற்றி உள்ளே வந்தாள். துக்கத்தில் இருப்பவள் முப்பத்தொரு நாள் படி தாண்டக்கூடாது. சட்டையைப் பிடித்தவன் அவளைக் கண்டதும் கையை விட்டான்.

"மாமா, வள்ளத்தை இறக்குங்கோ."

"நீ வீட்டுக்குப் போ பிள்ளை."

"என்ர மனிசனுக்கு நான் அழுறதைப் பிறகு அழுறன். அழுகை மீன் மாதிரிப் பழுதாப்போற சாமானில்லை, கிடக்கும். றெஜினாக்கா கிடக்க மாட்டா."

மடுத்தீன் அண்ணை செருப்பைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார். மறுநாள் விடிய முதல் வள்ளத்தை அவரே தள்ளினார்.

பெருநாள் என்று பெயர் வைத்தோம். வீதியெங்கும் மின்குமிழ், கொடி, மேளம். கடைகள் எல்லாம் திறந்தன. கொறற்றி பச்சைச் சேலை கட்டிக்கொண்டு தன் கடை வாசலில் நின்றாள். மேலே இருக்கும் கண்ணுக்கு நிறம் தெரியும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். உள் அறைகளில் பெண்கள் மாரடித்து அழுதார்கள். வெளியே ஒலிபெருக்கி அதை மூடியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அழுகை தெருவுக்குக் கேட்கும். உடனே யாராவது ஓடிப்போய் அடுத்த பாட்டைப் போடுவார்கள். இதைவிடக் கேவலமான ஒரு திருவிழாவை இந்தப் பூமியில் யாரும் நடத்தியிருக்கமாட்டார்கள்.

எண் ஏறியது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. பதினாறாம் திகதி அறுபதைத் தாண்டியது. மறுநாளிலிருந்து ஏழு நாள் கணக்கு. இருபத்திமூன்று வரை தாக்குப்பிடித்தால் கப்பல் வரும். சனம் களைத்துப்போனது. சிரித்துச் சிரித்து வாய் நோகிறது என்று மடுத்தீன் அண்ணை சொன்னார். அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், வெளியே நின்றபடியால்.

றெஜினா தினமும் காலையில் கேட்பாள், "இண்டைக்கு எத்தினை?" நான் சொல்லுவேன். "கப்பலோ நானோ, பாப்பம்," என்பாள். இருபத்தோராம் திகதி அப்படிக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு ஒன்றைச் சொன்னாள்.

"நான் போனா ஆரும் அழக்கூடாது. அழுதா ஏழு நாளும் திரும்ப முதல்ல இருந்து துவங்கும். பக்கத்துக் கட்டிலில படுத்திருக்கிற பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. நீங்களும் அழக்கூடாது, விளங்குதோ?"

"விசர்க்கதை கதையாதையும்," என்று கத்தினேன். தாதி ஓடி வந்தாள். நான் றெஜினாவோடு கடைசியாகப் பேசியது அந்தக் கத்தல்தான். இருபத்திரண்டாம் திகதி காலை ஒன்பது மணிக்கு றெஜினா செத்துப்போனாள்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மரணப் பத்திரத்தை அடுத்த கிழமை எழுதலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். வார்டில் மிச்சம் பதினாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். நான் அழுவேனா மாட்டேனா என்று பார்த்தார்களோ என்னவோ. கட்டில்களை எண்ணிக்கொண்டே அவர்களைக் கடந்தேன். வெளியே வந்து, சந்தைப்பக்கமாக நடந்து, தெரிந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தேன்.

எங்களில் கணவனுக்கு முன்னால் போகும் பெண்ணைக் கலியாணக் கூறைச் சேலை உடுத்தித்தான் அனுப்புவார்கள். கொறற்றி அவளைக் குளிப்பாட்டி, கூறை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்தாள். மடுத்தீன் அண்ணை தன் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியைக் கழுவிப் பூவால் மூடிக் கொண்டுவந்தார். பெட்டி தெரியாதபடி மேலே வாழையிலையும் பட்டுத்துணியும். எனக்கு வேட்டி கட்டி, சால்வை போட்டு, மாலையும் போட்டார்கள். இருபத்திமூன்றாம் திகதி காலை மேளம் முன்னால் போக, ஊர் முழுக்கப் பின்னால் போக, என் மனைவியை அடக்கம் செய்தோம். ஒருவரும் அழவில்லை. சுவாமியார் செபம் சொல்லும்போது மட்டும் மேளத்தை நிறுத்தினார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பின்னேரம் கந்தோருக்குப் போனேன். கொடைநாட்டுக் குழு கூடியிருந்தது. திரையில் நீண்ட மேசை, பன்னிரண்டு முகங்கள். மொழிபெயர்க்க மிதுலா இருந்தாள். றெஜினா போனது அவளுக்குத் தெரியாது. திருத்தம் நிறைவேற என் சாட்சியைத்தான் அவள் நம்பியிருந்தாள். நடந்ததை நடந்தபடி சொல்வதாக நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தலைவர் வயதானவர், மரியாதையானவர். மிதுலா அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

"உங்கட மாவட்டம் ஏழு நாளா அறுபதுக்கு மேல நிக்குது. அதுக்குப் பாராட்டுச் சொல்லுறார். இண்டைக்குக் காலமை ஒரு ஊர்வலம் தெரிஞ்சதாம். மேளம், பூ, சோடிச்ச வண்டி. அது என்ன ஊர்வலம் எண்டு கேக்கிறார்." பிறகு தானாக, மெதுவாகச் சேர்த்தாள்: "அண்ணா, இதிலயிருந்து துவங்கிச் சொல்லுங்கோ."

உண்மையைச் சொன்னால் நாலு மாதத்தில் எங்கேயோ முகம் தெரியாத ஊர்களுக்கு மருந்து நிற்காமல் போகும். எங்கள் ஊருக்கு இன்றைக்கே ஒன்பதாம் பிரிவு விழும். அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அடுத்த கிழமை கிடையாது. உண்மையைச் சொல்லாவிட்டால் திருத்தம் சாகும், இன்னொரு கரையில் இன்னொரு மனிதன் என்னைப் போல மாலை போட்டுக்கொண்டு நிற்பான். அவனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"கலியாண ஊர்வலம்," என்றேன்.

மிதுலா நிமிர்ந்து பார்த்தாள். மாலையை நான் கழற்ற மறந்திருந்தேன். அவள் மொழிபெயர்த்தாள். தலைவர் புன்னகையோடு ஏதோ கேட்டார்.

"ஆற்ற கலியாணமாம்?"

"என்ர."

அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நேரம் போனது. இணைப்பு அறுந்துவிட்டதா என்று அங்கே ஒருவர் எழுந்து கம்பியைத் தட்டிப் பார்த்தார். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் பிறகு தலையைக் குனிந்து, நான் சொன்னதை அவர்களுடைய மொழியில் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மேசையைச் சுற்றி எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் தொடர்ந்து பேசினார். அவள் தாளைப் பார்த்தபடி மொழிபெயர்த்தாள்.

"கப்பல் இப்பவே வெளிக்கிடுதாம். தடை போட்டு மூண்டு கிழமைக்குள்ள ஒரு மாவட்டம் கலியாணம் காட்சி எண்டு வழமைக்குத் திரும்பியிருக்கு, சட்டம் வேலை செய்யுது எண்டுறதுக்கு இதைவிட வேற சாட்சி தேவையில்லையாம். அதால மருந்தை விலக்கிற திருத்தத்தை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை எண்டு குழு நினைக்குது."

"விளங்குது," என்றேன்.

அவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். தலைவர் கடைசியாக ஒரு தடவை ஒலிவாங்கிப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். மிதுலா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மணமகளுக்குத் தங்கட வாழ்த்தைச் சொல்லட்டாம், அண்ணா."

"சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ பிள்ளை," என்றேன்.